தொழுவமும் வீடும் – 9: கன்று வீசிய மாடு

சென்ற வாரம் பார்த்த அடைப்பான் ஒரே இரவில் மாட்டைச் சாய்த்துவிடும். ஊரே கூடி நிற்கும். இந்த வாரத்து நோய்க்கு அந்த அவசரம் கிடையாது. மாடு தீனி தின்னும், அசை போடும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். ஏழாம் மாதச் சினையில் ஒருநாள் கன்றை வீசிவிடும், அவ்வளவுதான். நஞ்சுக்கொடி முழுசாக விழாது. வீட்டு அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறும் கையால் அதை எடுத்துப்போடுவார். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். மூன்று நான்கு வாரம் கழித்து அந்த அம்மாவுக்குச் சாயங்காலமானால் குளிர்காய்ச்சல் வரும். அப்போது மாட்டையும் காய்ச்சலையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

புருசெல்லோசிஸ் என்கிற இந்த நோயை நம் கால்நடை மருந்தகங்களில் கன்று வீச்சு நோய் என்பார்கள். மாட்டில் வீச்சு, மனிதரில் காய்ச்சல், கிருமி ஒன்றுதான். இந்த உறவைக் கண்டுபிடித்த கதை மால்டாவில் தொடங்குகிறது.

சிசிலிக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் இருக்கும் சின்னத் தீவு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படைக்கு முக்கியமான தளம். அங்கே பணிக்கு வந்த சிப்பாய்களும் மாலுமிகளும் மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார்கள். ஏறும், இறங்கும், போய்த் தொலைந்தது என்று நினைக்கும்போது திரும்பி வரும். டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் 1887இல், இறந்துபோன சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்துவிட்டார். அது உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பது மட்டும் மேலும் பதினெட்டு வருடம் பிடிபடவில்லை. தூசி, சாக்கடை, கொசு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாலெட்டா நகரத் தெருக்களில் ஆட்டுக்காரர் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார். வாடிக்கையாளர் வாசலில் நிறுத்திப் பாத்திரத்தில் கறந்து கொடுப்பார். கண்ணெதிரே கறந்த பால், சொட்டுத் தண்ணீர் கலக்காதது. இதைவிடச் சுத்தம் வேறென்ன வேண்டும்? 1905இல் அந்தத் தீவுக்காரரான டாக்டர் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். காய்ச்சல்காரர்களின் ரத்தம் காட்டிய அதே எதிர்வினையை ஆட்டு ரத்தமும் காட்டியது. தீவின் ஆடுகளில் ஏறக்குறையப் பாதிக்கு நோய் தொட்டிருந்தது. பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை வெளியேற்றிக்கொண்டிருந்தது. பார்வைக்கு அவை கொழுகொழுவென்று ஆரோக்கியமாகத்தான் இருந்தன.

அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. அமெரிக்க வேளாண் துறைக்காக வாங்கப்பட்ட மால்டா ஆடுகளை ‘ஜோஷ்வா நிக்கல்சன்’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். வழியில் அந்த ஆட்டுப் பாலைக் காய்ச்சாமல் குடித்த மாலுமிகள் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் துணிந்து செய்ய முடியாத பரிசோதனை தானாகவே நடந்து முடிந்தது. 1906இல் ராணுவ முகாம்களில் ஆட்டுப் பாலை நிறுத்தினார்கள். சிப்பாய்களிடம் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. தீவின் சாதாரண ஜனங்கள் மட்டும் பதப்படுத்திய பாலுக்கு 1930களின் கடைசி வரை காத்திருந்தார்கள். காய்ச்சலும் அவர்களோடு இருந்தது.

கிருமியின் பெயரில் இன்று இருப்பது புரூஸ். ஆட்டைக் கண்டுபிடித்த ஸம்மித்தை மருத்துவர்களைவிடத் தொல்லியல்காரர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள். மால்டாவின் தர்ஷீன் கற்காலக் கோயில்களை அகழ்ந்தவர் அவர். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

மாட்டின் கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பேங் 1897இல், மாடுகள் கன்று வீசுவதற்குக் காரணமான கிருமியைப் பிரித்தார். அதுவும் மால்டா கிருமியும் நெருங்கிய உறவு என்று 1918இல் எடுத்துச் சொன்னவர் ஆலிஸ் எவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண். முனைவர் பட்டம் இல்லாதவர், அதிலும் பெண். பெரியவர்கள் காது கொடுக்கவில்லை. 1922இல் ஆராய்ச்சிக்கூடத்திலேயே அவருக்கு அந்தத் தொற்று ஏற்பட்டது. பல வருடம் காய்ச்சல் வந்து வந்து போனது. நரம்புத் தளர்ச்சி, மனக் கோளாறு என்றெல்லாம் சொன்னார்கள். அந்தக் கிருமியைப் பற்றி உலகிலேயே அதிகம் அறிந்த ஒருவருக்கே நோயைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாளானது என்றால், நம் ஊர் கறவைக்காரர் எம்மாத்திரம்!

மால்டாவுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாம் பாலைக் காய்ச்சுகிறோம். பொங்கி வந்த பாலில் இந்தக் கிருமி பிழைக்காது. அந்தப் பாலில் உறை ஊற்றிய தயிர், கடைந்த மோர், எடுத்த வெண்ணெய் எதைப் பற்றியும் கவலை வேண்டாம். மடியிலிருந்து நேராக நுரையோடு குடிப்பது, சளிக்கு நல்லது என்று குழந்தைக்குப் பச்சை ஆட்டுப்பால் கொடுப்பது, இரண்டையும் விட்டுவிட வேண்டும். சீம்பாலையும் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

ஆனால் பாலைக் காய்ச்சுவதாலேயே இது நமக்கான நோய் இல்லை என்று ஒரு மெத்தனம் வந்துவிட்டது. நம் ஊரில் இது வருகிற வழி பெரும்பாலும் கை. மாட்டின் கருப்பையில் எரித்ரிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொருள் உண்டு. இந்தக் கிருமிக்கு அதன்மேல் தனி ஆசை. அதனால் சினை மாட்டில் மற்ற இடங்களை விட்டுவிட்டு அங்கே போய்க் கோடிக்கணக்கில் பெருகுகிறது. வீசிய கன்று, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி எல்லாம் கிருமி மயம். மனிதருக்கு நோய் வர நூறுக்கும் குறைவான கிருமிகளே போதும். புல்லறுத்தபோது விரலில் விழுந்த கீறல் ஒரு வாசல், முகத்தில் தெறிக்கும் துளி இன்னொன்று, மூச்சு மூன்றாவது. சீனாவின் லான்சோவில் 2019இல் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் ஆலையொன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியதால், புகைபோக்கி வழியே கிருமி காற்றில் கலந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் தொற்று உறுதியானது. மாட்டைத் தொட்டே அறியாத ஆட்கள் அதில் இருந்தார்கள்.

ஒருமுறை வீசிய மாடு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் நல்லபடியாகவே கன்று போடும். கண்ணேறு கழிந்தது என்று நிம்மதியடைவோம். கிருமி போயிருக்காது, அந்த நல்ல ஈற்றிலும் கொடியோடும் பாலோடும் வெளியே வந்துகொண்டிருக்கும்.

மனித உடம்பில் இது செய்யும் வேலை வினோதமானது. கிருமியை விழுங்கிச் செரிக்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. மாலையானால் காய்ச்சல், விடியற்காலையில் பாயே நனையும் வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி, எதிலும் பிடிப்பில்லாத சோர்வு. ஆண்களுக்கு விதை வீங்கலாம். கர்ப்பிணிகளுக்குக் கரு கலையலாம். உயிரைப் பறிப்பது அபூர்வம், அதுவும் பெரும்பாலும் இதய வால்வைத் தாக்கினால்தான். ஆனால் வேலை வெட்டியைப் பறித்துவிடும்.

டாக்டரிடம் போனால் முதலில் வைடல் என்ற டைபாய்டு சோதனையை எழுதுவார்கள். அது எதற்கெல்லாமோ பாசிட்டிவ் காட்டும். டைபாய்டு என்று ஒரு கோர்ஸ் மாத்திரை. காய்ச்சல் தணியும், திரும்பும். இடுப்புப் பக்க முதுகெலும்பில் தேய்மானம் மாதிரி எக்ஸ்ரேயில் தெரிந்தால் அடுத்த சந்தேகம் முதுகெலும்புக் காசநோய். நம் நாட்டில் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான், டாக்டரைக் குறை சொல்ல முடியாது. காசநோய் மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் இந்தக் கிருமியையும் ஓரளவு அடிக்கும் என்பதால் கொஞ்சம் தேறின மாதிரிகூடத் தெரியும். இந்தச் சுற்றையெல்லாம் வெட்டிவிடும் கேள்வி ஒன்று உண்டு: “வீட்டுல ஆடு மாடு இருக்காம்மா? சமீபத்துல கன்னு வீசுச்சா?” ஐந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று வரிசை நிற்கும் புறநோயாளிப் பிரிவில் இந்தக் கேள்வி வருவதில்லை. மாட்டைப் பார்த்த டாக்டரும் மனிதரைப் பார்க்கும் டாக்டரும் ஒரே தாலுகாவில் இருந்தாலும் பேசிக்கொள்வதில்லை. ஆகையால் நோயாளிதான் சொல்ல வேண்டும். காய்ச்சல் எத்தனை நாள் என்று சொல்லும்போதே மாடு வீசியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டால் சோதனை எளிது. ரோஸ் பெங்கால் என்று பெயர். வெள்ளைத் தட்டில் ரத்தத்தின் தெளிநீர் ஒரு சொட்டு, ரோஜா நிறத் திரவம் ஒரு சொட்டு. குச்சியால் கலந்து, தட்டை மெல்ல ஆட்டியபடி நான்கு நிமிடம் பார்க்க வேண்டும். நோய் இல்லையென்றால் ஒரே சீரான ரோஜா நிறம். இருந்தால் திரிந்த பால் மாதிரி குட்டிக்குட்டிக் கட்டிகள் திரண்டு ஓரத்தில் ஒதுங்கும். பிறகு உறுதிப்படுத்த வேறு சோதனைகளும் ரத்தக் கல்ச்சரும் உண்டு. கல்ச்சருக்கு அனுப்பினால் சீட்டில் சந்தேகத்தை எழுதிவிடச் சொல்லுங்கள். ஆலிஸ் எவன்ஸுக்கு நேர்ந்தது லேப் ஊழியருக்கும் நேரலாம்.

சிகிச்சைக்கு ஒரு மருந்து போதாது. அணுவுக்குள் ஒளிந்திருப்பதை வெளியேற்ற இரண்டாவது வேண்டும். வழக்கமாக டாக்ஸிசைக்ளின் ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக ஆறு வாரம். கூடவே அதே ஆறு வாரமும் ரிஃபாம்பிசின், அல்லது முதல் இரண்டு மூன்று வாரம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. ரிஃபாம்பிசினைத் தொடங்கும்முன் காசநோய் இல்லை என்பதை டாக்டர் உறுதிசெய்துகொள்வார். முதுகெலும்பைத் தாக்கியிருந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருந்து வேறு, அதை டாக்டர் தீர்மானிப்பார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படாதீர்கள், அது ரிஃபாம்பிசினின் வேலை. டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலில் தோல் எரியலாம். பாலோடு விழுங்கினால் மருந்து உடம்பில் ஏறுவது குறையும்.

பலர் கோட்டைவிடுவது மூன்றாவது வாரத்தில்தான். காய்ச்சல் விட்டிருக்கும், பசி எடுக்கும், மாத்திரை வயிற்றைப் புரட்டும், நிறுத்திவிடுவார்கள். முழுசாகச் சாப்பிட்டவர்களிலேயே சிலருக்கு நோய் திரும்பும்போது, பாதியில் விட்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், குணமாகி மாதங்கள் ஆன பிறகும் ரத்தச் சோதனை பாசிட்டிவ் காட்டிக்கொண்டிருக்கலாம். அது பழைய தழும்பு. உடம்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அபூர்வம். ஆனாலும் அதே மாட்டோடு புழங்கிய வீட்டாரையும் சோதித்துவிடுவது நல்லது.

இனி தொழுவம். வீசிய கன்றையும் கொடியையும் வெறும் கையால் தொடக் கூடாது. முழங்கை வரை ரப்பர் உறை, வாய்க்கும் மூக்குக்கும் துணி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. தெருநாய் இழுக்காமலிருக்க நல்ல ஏற்பாடுதான் என்றாலும், மரம் வரை சொட்டிக்கொண்டே போவதும் பிறகு காக்கை கொத்துவதும் இந்த நோய்க்கு வசதி. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடுவதே சரி. ஈரமும் நிழலும் இருந்தால் இந்தக் கிருமி மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சுள்ளென்ற வெயிலில் சீக்கிரம் சாகும். கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962க்குப் போன் செய்து, மாட்டின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கக் கேளுங்கள்.

தடுப்பூசி உண்டு, கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், நான்கிலிருந்து எட்டு மாத வயதுக்குள், ஆயுளுக்கு ஒருமுறை. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியோடு இதையும் சேர்த்து இலவசமாகப் போடுகிறார்கள். அதில் இருக்கும் கிருமிக்கு ஒரு சுவையான பூர்வீகம்: ஜான் பக் என்ற அமெரிக்கர் 1923இல் ஒரு ஜெர்சி மாட்டுப் பாலிலிருந்து பிரித்தது, ஆராய்ச்சிக்கூடத்தில் அறை வெப்பத்திலேயே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்து தன் வீரியத்தை இழந்திருந்தது. இழந்தது மாட்டைப் பொறுத்தவரைதான். ஊசி போடும்போது கை தவறிக் குத்திக்கொண்ட கால்நடை மருத்துவர்களுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. சினை மாட்டுக்குப் போட்டால் வீச்சையே உண்டாக்கலாம், காளைக்கு ஆகாது. அதனால்தான் இந்த வயதுக் கணக்கு.

தடுப்பூசி தப்பிப்போய் நோய் தொட்ட மாட்டை என்ன செய்வது? அதைக் குணப்படுத்தும் மருந்து நடைமுறையில் இல்லை. மேலைநாடுகளில் சோதித்து, பாசிட்டிவ் என்றால் அறுத்துவிட்டு இழப்பீடு கொடுத்து நோயை ஒழித்தார்கள். இங்கே அதற்கு மனசு ஒப்பாது. நடப்பது என்னவென்றால், அடுத்த வாரச் சந்தையில் அது விற்பனைக்கு நிற்கும். கடன் வாங்கி வாங்கிய மாடு, விற்பவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு ஈடு கொடுக்கும் ஏற்பாடு வராதவரை நோய் தொழுவம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

வாங்குபவர் தன் பங்குக்கு ஒன்று செய்யலாம். பல்லும் சுழியும் மடியும் பார்க்கும்போதே காதில் அடையாள வில்லை இருக்கிறதா, கிடேரியில் ஊசி போட்டதா என்று கேட்கலாம். புது மாட்டை ஒரு மாதம் தனியே கட்டி, ரத்தத்தைச் சோதிக்கலாம். நிறை சினை மாடாக இருந்தால் ஒரு சோதனையை நம்ப முடியாது. ஈனும் சமயத்தில் ரத்தம் பொய் சொல்லும். ஈன்று மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். இரண்டாவது சோதனையில் பாசிட்டிவ் வந்தால் மாட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வது யார் பொறுப்பு என்பதை, கையில் துண்டைப் போட்டு விலை பேசும்போதே பேசிவிடுவது நல்லது.

(தொடரும்)