பக்கவிளைவும் லயன் வாழ்வும்: இரசாயனச் சிகிச்சை பற்றிய ஒரு நோக்கு

புற்றுநோய்க்கான இரசாயனச் சிகிச்சையைப் பற்றிய வைத்திய நூல்கள் 'பக்கவிளைவு' என்னும் சொல்லைத் தயக்கமின்றிக் கையாளுகின்றன. கட்டியின் நிலையில் நின்று நோக்குமிடத்து அது பொருத்தமான சொல்லே. மருந்து கட்டியைச் சுருக்குகின்றது. ஏனையவை பக்கத்தே நிகழ்கின்றன. ஆனால் உழைப்பைத் தவிர விற்பதற்கு வேறெதுவும் இல்லாத ஒருவரின் நிலையில் நின்று நோக்கினால், எது பிரதானம், எது பக்கம் என்பது அவ்வளவு எளிதில் தீர்மானிக்கக்கூடியதன்று. சப்ரகமுவ மாகாணத்தின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களை முன்னிறுத்தி இதனை ஆராயலாம்.

இம்மாகாணத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ நூற்றுக்கு 11 பேரின் வாயில் புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் இருப்பதாகக் காட்டிற்று. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை விளைப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே கூறிவிட்டது. பாக்கு மட்டுமே போதும் என்பது 2004இல் உறுதியாயிற்று. இதனை வெறுமனே 'கெட்ட பழக்கம்' எனக் கூறிக் கடந்துவிடுவோர், மழையிலும் குளிரிலும் மலையில் நிற்கும் தொழிலாளியின் பசியை வெற்றிலை அடக்கிவைப்பதை மறந்துவிடுகின்றனர்.

இரசாயன மருந்துகளுட் பெரும்பாலானவை விரைந்து பிரியும் கலங்களைத் தாக்குகின்றன. புற்றுக்கலம் அத்தகையது. என்பு மச்சை, வாயினதும் குடலினதும் உட்தோல், மயிர்வேர் ஆகியவையும் அத்தகையனவே. எனவே குருதி குறைகின்றது, வாய் புண்ணாகின்றது, முடி உதிர்கின்றது. மெதோற்றெக்சேற் என்னும் மருந்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 1928இல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர், பம்பாய் ஆலைத்தொழிலாளப் பெண்களிடையே கர்ப்பகால இரத்தசோகையை ஆராய்ந்து, மார்மைற் என்னும் நொதியச் சாறு அதனைத் தீர்ப்பதைக் கண்டார். (1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கேகாலைப் பகுதியில் சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர்கள் நோயாளருக்கு ஊட்டமாகக் கொடுத்ததும் அதே மார்மைற்றுத்தான்.) அச்சாற்றில் இருந்தது போலிக் அமிலம். அதன் தொழிற்பாட்டைத் தடுக்கும் மருந்துகளைச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர் அமெரிக்காவில் ஆக்கினர். அவற்றுள் ஒன்று குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்ததைச் சிட்னி பார்பர் 1948இல் வெளியிட்டார். ஆலைப்பெண்களுக்கு வறுமை இழைத்ததை, இம்மருந்து புற்றுக்கலத்துக்கு வேண்டுமென்றே இழைக்கின்றது. மருந்தின் அளவு மிகுமிடத்து மாற்றாகக் கொடுக்கப்படுவதும் போலிக் அமிலத்தின் ஒரு வடிவமே.

வாந்தியைப் பொறுத்தவரை வைத்தியம் வெகுதூரம் முன்னேறியுள்ளது. 1990களின் தொடக்கத்தில் ஒண்டான்செற்றன் வருமுன்னர், சிஸ்பிளாற்றின் பெற்ற பலர் வாந்தியைத் தாங்காது சிகிச்சையையே கைவிட்டனர். இன்று அது டெக்சாமெதசோனுடன் முன்கூட்டியே கொடுக்கப்படுகின்றது. சிறுநீரகத்தைக் காக்க உப்புநீர் நாளத்தில் ஏற்றப்படுகின்றது. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் இரத்தினபுரியிலும் இவை இலவசமாகவே நடைபெறுகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டபோதுதான் அவ்விலவசத்தின் பெறுமதி பலருக்கும் விளங்கிற்று.

எஞ்சியவை வீட்டில் நிகழ்பவை; சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது. மருந்தேறிய 7 முதல் 14 நாட்களுள் வெண்குழியங்கள் மிகக் குறைந்துவிடுகின்றன. அவ்வேளையில் 38 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சல் உயிராபத்தானது. பரசிற்றமோலை விழுங்கிவிட்டு விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அங்கு ஒரு மணித்தியாலத்துள் நுண்ணுயிர்கொல்லி ஏற்றப்படவேண்டும். இவ்வறிவுரை வெப்பமானியையும், இரவில் வரக்கூடிய வாகனத்தையும், கைகழுவத் தனியான குழாயையும் முற்கோளாகக் கொண்டது. பல குடும்பங்கள் ஒரே குழாயை நம்பியிருக்கும் லயனில் நோயாளி தோட்டத்து லொறிக்குக் காத்திருக்க நேர்கின்றது.

வாய்ப்புண்ணுக்கு வழி எளியது: கொதித்தாறிய நீரில் உப்பும் அப்பச்சோடாவும் கரைத்து நாளுக்குப் பலமுறை கொப்பளித்தல், மென்மையான தூரிகை, காரமற்ற மென்னுணவு. ஆனால் கோதுமை மா ரொட்டியும் மிளகாய்ச் சம்பலுமே காலைச் சாப்பாடான காம்பராவில், அடுப்படியில் நிற்பவரே நோயாளியாயின் அவருக்கெனத் தனிக்கஞ்சி காய்ச்சுவது யார்?

முடி உதிர்வு மனத்தை வருத்துவது, எனினும் மீள வளர்வது. கைகளைப் பற்றியே நூல்கள் குறைவாகப் பேசுகின்றன. சிஸ்பிளாற்றினும் பக்கிளிற்றாக்செலும் விரல்நுனி நரம்புகளைச் சிதைத்து மரத்துப்போகச் செய்கின்றன. இதனைத் தடுக்கும் மருந்தென நிறுவப்பட்டது எதுவுமில்லை. நோவைத் தணிக்கச் சில உண்டு. அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோதான் வழி. அதற்கு நோயாளி வாய்திறந்து சொல்லவேண்டும். சொன்னால் சிகிச்சை நின்றுவிடுமோ என்று அஞ்சிப் பலர் மறைப்பது உலகெங்கும் அறியப்பட்டது. பேர் விழாத நாளில் சம்பளமும் இல்லாதவருக்கு அவ்வச்சம் இரட்டிப்பானது. கத்தி சற்று ஆழமாக இறங்கினாலும் இறப்பர் மரத்தில் காயம்படும். சட்டைப் பொத்தானைப் பூட்ட முடிகின்றதா என்று வினவுவது வைத்தியர் வழக்கம். இங்கே கேட்கவேண்டியது, பால்வெட்டுக் கத்தி கைக்குள் நிற்கின்றதா, கொழுந்தின் காம்பு விரலுக்குத் தெரிகின்றதா என்பதாகும், அதுவும் தமிழில்.