வாழ்த்தட்டைக்கு வண்ணம் தந்த சுண்ணாம்புக் கல்

19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் முதலாம் உலகப் போர் வரை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், புத்தாண்டு ஆகிய விழாக்களையொட்டி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொலைவில் வாழ்ந்த நண்பர்கள் தமக்குள் பரிமாறிக்கொண்ட வண்ண அஞ்சலட்டைகளில் கணிசமானவை ஜெர்மனியில் அச்சானவை. 1908 ஜூனில் முடிந்த ஓராண்டில் அமெரிக்க அஞ்சல் துறை 67 கோடிக்கும் மேற்பட்ட அஞ்சலட்டைகளைக் கையாண்டது. இவ்வளவு மலிவான பொருளில் அவ்வளவு செறிவான வண்ணம் சாத்தியமானதற்குக் கல்லச்சு என்னும் வேதியியல் முறையே அடிப்படை.

மியூனிக் நகரில் 1796ஆம் ஆண்டளவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த இம்முறைக்கு எழுத்தைச் செதுக்கவோ மேடாக்கவோ தேவையில்லை. கொழுப்பும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பே போதும். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மைக்கோலால் படம் வரைந்து, வேலம்பிசினும் சிறிதளவு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த கரைசலைப் பூசினால், வரையாத பகுதி நீரைப் பிடித்துவைக்கும் தன்மையைப் பெறுகிறது. பின்னர் கல்லை நனைத்து எண்ணெய் மை தோய்ந்த உருளையை ஓட்டும்போது, ஈரப்பகுதி மையை ஏற்காமல் விலக்க, வரைந்த இடம் மட்டும் அதை ஏற்றுக் காகிதத்தில் பதிக்கிறது. வண்ணக் கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வேண்டும். உயர்தர அட்டை பத்துக்கும் மேற்பட்ட முறை அச்சு இயந்திரத்துக்குள் சென்று வந்தது; ஒவ்வொரு முறையும் புதிய வண்ணம் முந்தைய வண்ணத்தின் மேல் மயிரிழை பிசகாமல் பொருந்தியாக வேண்டும். அச்சுத் தொழிலாளரின் கைத்திறன் வியந்து போற்றத்தக்கது.

இதற்கு உகந்த, மிக நுண்ணிய துகள்களாலான கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் வெட்டப்பட்டது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அமைதியான உப்பங்கழிகளில் படிந்த சேறே அக்கல்லானது; ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் தொல்பறவையின் இறகுத் தடங்களைக் காத்ததும் அதே நுண்மைதான். 1861இல் சூட்டப்பட்ட அதன் அறிவியல் பெயரின் பிற்பகுதியான ‘லித்தோகிராஃபிகா’ அச்சுக்கல்லையே குறிக்கிறது.

பழைய அட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கல்லச்சின் புள்ளிகள் கையால் இட்டவைபோல் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். புகைப்படத்தைப் புள்ளிகளாக்கும் பிற்கால முறையிலோ அவை சீரான வரிசையில் அமையும். காலத்தைக் கணிக்க மறுபக்கமும் உதவுகிறது. முகவரிக்கும் செய்திக்கும் இடையே கோடிட்ட அட்டையைப் பிரிட்டன் 1902இலும் அமெரிக்கா 1907இலும் அனுமதித்தன; அதற்கு முன் படத்தின் ஓரத்திலேயே நலம் விசாரிக்க வேண்டியிருந்தது.

1914இல் மூண்ட போர் ஜெர்மன் அட்டைகளின் வரத்தை நிறுத்தியது. எஞ்சியவற்றுக்கு இன்று பகை அவற்றின் காகிதமே. மரக்கூழில் உள்ள லிக்னின் காற்றாலும் ஒளியாலும் பழுப்பேறுகிறது. மை பரவாதிருக்கச் சேர்த்த படிகாரம் அமிலத்தை உண்டாக்க, அது செல்லுலோஸ் இழைகளைத் துண்டித்துக் காகிதத்தை நொறுங்கச் செய்கிறது. பிவிசி நெகிழி உறைகள் சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிட்டு இச்சிதைவை விரைவுபடுத்துவதால், இத்தகைய அட்டைகளைப் பாலியெஸ்டர் உறைகளிலோ அமிலமற்ற தாளிலோ இட்டு, வெளிச்சமும் ஈரமும் அண்டாத இடத்தில் வைப்பதே தக்கது.