வயிற்றுப் புண்ணுக்குப் பால் நல்லதா? பெப்டைடு போடும் கணக்கு

"வயித்துல புண்ணு, காரம் சேராது, ரெண்டு வேளையும் பால்தான்." புதுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கம் எந்த டீக்கடையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது. 1915-ல் சிகாகோ டாக்டர் பெர்ட்ராம் சிப்பி, அல்சர்காரர்களுக்கு மணிக்கொரு தடவை பாலும் கிரீமும் கொடுக்கும் முறையை எழுதினார். அதன்பிறகு பல பத்தாண்டுகள் டாக்டர்களே அதைத்தான் சொன்னார்கள்.

பால் குடித்ததும் எரிச்சல் அடங்குவது நிஜம். பால் கிட்டத்தட்ட நடுநிலையான திரவம். அதிலுள்ள புரதம் கொஞ்சம் அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் இரைப்பை அதற்குப் பிறகு என்ன செய்கிறது என்பதுதான் சுவாரஸ்யம்.

இரைப்பையில் பெப்சின் என்ற நொதி புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. அந்தச் சின்னத் துண்டுகள்தான் பெப்டைடுகள். இன்னும் உடைந்தால் அமினோ அமிலங்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஜி செல்கள் இவற்றை மோப்பம் பிடிக்கின்றன. "புரதம் வந்தாச்சு" என்று தெரிந்ததும் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. (இப்படி ஒரு ஹார்மோன் இருக்க வேண்டும் என்று 1905-ல் சொன்னவர் எட்கின்ஸ். அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க 1964 வரை ஆனது. வேடிக்கை என்னவென்றால், கேஸ்ட்ரினும் ஒரு பெப்டைடுதான்.)

கேஸ்ட்ரின் ரத்தத்தில் சுற்றி மறுபடி இரைப்பைக்கே வருகிறது. அங்கே வேறு வகை செல்களைத் தூண்டி ஹிஸ்டமின் சுரக்க வைக்கிறது. ஹிஸ்டமின் போய் அமில செல்களைத் தட்ட, அவற்றின் பம்புகள் ஓடத் தொடங்குகின்றன. சிமெடிடின், ரானிடிடின் மாத்திரைகள் தடுப்பது ஹிஸ்டமின் தட்டும் இடத்தை. ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் நிறுத்துவது பம்பையே.

இதற்கு ஒரு பிரேக்கும் உண்டு. அமிலத்தன்மை பி.எச். 3-க்குக் கீழே போனால் டி செல்கள் சொமாட்டோஸ்டாட்டினை விட்டு கேஸ்ட்ரினை அடக்கும். சாஃப்ட்வேர்க்காரனான எனக்கு இது பழகிய ஃபீட்பேக் லூப்.

இப்போது பாலைப் போட்டுப் பாருங்கள். அமிலத்தைத் தணிப்பதால் பிரேக்கிலிருந்து கால் எடுபடுகிறது. அதே நேரம் பால் புரதத்தின் பெப்டைடுகள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கின்றன. பாலிலுள்ள கால்சியமும் ஜி செல்லைத் தூண்டக்கூடியதே. ஆக, முதலில் ஆறுதல், பிறகு கூடுதல் அமிலம்.

இது வெறும் தியரி இல்லை. 1976-ல் அமெரிக்காவில் இப்போலிட்டி குழுவினர் அளந்து பார்த்தார்கள். முழுப் பால், கொழுப்பு குறைத்தது, கொழுப்பே எடுத்தது என்று எதைக் கொடுத்தாலும் அமிலச் சுரப்பு கூடியது. கொழுப்பை எடுத்தும் கூடியதால் சந்தேகம் புரதத்தின் மேலும் கால்சியத்தின் மேலும் விழுகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமானது தில்லி டாக்டர்கள் 1986-ல் வெளியிட்ட ஆய்வு. முன்சிறுகுடல் புண் உள்ள 65 பேர்; எல்லோருக்கும் சிமெடிடின். ஒரு பாதிக்கு வழக்கமான ஆஸ்பத்திரிச் சாப்பாடு, மறு பாதிக்குச் சர்க்கரை சேர்த்த பால் மட்டும், தினம் 2 லிட்டர். நான்கு வாரம் கழித்து எண்டோஸ்கோப்பியில் பார்த்தால், சாப்பாடு சாப்பிட்டவர்களில் 78 சதவீதம் பேருக்குப் புண் ஆறியிருந்தது. பால் மட்டும் குடித்தவர்களில் 53 சதவீதம்தான்.

அதற்காகப் பாலே விஷம் என்று அர்த்தமில்லை. காலையில் ஒரு டம்ளர் குடிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. சாப்பாட்டுக்குப் பதிலாகவும் மருந்துக்குப் பதிலாகவும் பாலை வைத்துக்கொள்வதைத்தான் விடணும். பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, அல்லது மூட்டுவலிக்கு வாங்கிப் போடும் வலி மாத்திரைகள். பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் சேர்ந்த மருந்துகளால் ஒழிக்கலாம். பால் அதை ஒன்றும் செய்யாது. நான் டாக்டர் இல்லை, அதனால் முடிவாக ஒன்றே ஒன்று: வலி வாரக்கணக்கில் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ டாக்டரைப் பாருங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பால் தரும் அரை மணி நேர நிம்மதியை நம்பி நாள் கடத்த வேண்டாம்.