குடியும் பைபோலாரும்: இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை

"முதல்ல குடிய நிறுத்தட்டும், மனநல மாத்திரையை அப்புறம் பார்த்துக்கலாம்." பைபோலார் எனப்படும் இருதுருவ மனநலப் பாதிப்பு உள்ளவர் குடிக்கும் அடிமையானால், பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. ஆனால், இந்தக் காத்திருப்புதான் ஆபத்து. மனநிலை ஏறி இறங்கினால் குடி கூடும். குடி கூடினால் மனநிலை மேலும் குலையும். தற்கொலை அபாயமும் அதிகரிக்கும். அதனால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தேவை.

திடீர்னு நிறுத்தலாமா?

தினமும் அதிகம் குடிப்பவர் வீட்டிலேயே சட்டென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

என்னென்ன மருந்துகள்?

லித்தியம், வால்ப்ரோயேட்: மனநிலையைச் சீராக வைப்பவை. குடித்து, வாந்தியெடுத்து, உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு கூடி நஞ்சாகலாம். தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் 'போதைதான்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு கல்லீரல் பரிசோதனை அவசியம்.

நால்ட்ரெக்ஸோன்: குடிக்கும் ஆசையைக் குறைக்கும். கல்லீரல் நிலையைப் பார்த்தே தருவார்கள். டிரமடால் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரை எடுப்பவர் இதை எடுக்கக் கூடாது.

அகாம்ப்ரோசேட்: குடியை நிறுத்தியவர் மீண்டும் தொடங்காமல் இருக்க உதவும். சிறுநீரகம் நன்றாக இயங்க வேண்டும்.

டைசல்ஃபிராம்: இதை எடுத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் இறங்கும். சிலருக்கு மனநோய் அறிகுறிகளையும் தூண்டும். எனவே பைபோலார் உள்ளவருக்கு மிகக் கவனமாகவே தருவார்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுப்பது கூடவே கூடாது. அவருக்குத் தெரியாமல் கொடுத்தால், அவர் குடிக்கும்போது உயிரே போகலாம்.

'இன்னைக்குக் குடிச்சிட்டோம், மாத்திரை வேண்டாம்' என்று மனநிலையைச் சீராக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தவறு. குடித்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவாங்களோன்னு பயப்பட வேண்டாம். அதை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் ஆலோசனை பெறலாம். போகும்போது, இப்போது எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.