ஆடிப்பட்டமும் நம் நிலமும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழி நம் தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. மாணவர் அதனை மனனம் செய்கின்றனர். 'உரிய காலத்தில் உரிய செயலைச் செய்தல் வேண்டும்' என்று பொருளும் எழுதிவிடுகின்றனர். ஆயினும், நாம் ஒருமுறை திருத்த நேர்ந்த விடைத்தாளில், 'ஆடி மாதத்தில் காற்று மிகுதியாக வீசும். ஆகவே பட்டம் விடுவதற்கு அதுவே ஏற்ற காலம்' என்று ஒரு மாணவர் விளக்கியிருந்தார். அதனைப் படித்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோக நம்மால் இயலவில்லை. அம்மாணவர் சிந்தித்தே எழுதியிருந்தார். பட்டம் என்னும் சொல்லுக்கு அவர் அறிந்த பொருள்கள் இரண்டு: ஒன்று வானில் பறப்பது, மற்றொன்று பல்கலைக்கழகம் வழங்குவது. மூன்றாவது பொருளை அவருக்கு நாம் கற்பித்திருக்கவில்லை.

உழவர் வழக்கில் பட்டம் என்பது விதைப்புக்குரிய பருவம். ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், கார்த்திகைப்பட்டம், தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப்பட்டம் எனப் பல பட்டங்கள் தமிழகத்து உழவரிடையே வழங்குகின்றன. இன்ன மாதத்தில் இன்ன பயிர் என்று நெடுநாள் பட்டறிவால் வகுத்துக்கொண்ட கணக்கு அது. அக்கணக்கின் அடிப்படை யாது, அது நாம் வாழும் மலேசிய மண்ணுக்குப் பொருந்துமா என்பனவற்றை இங்குக் காண்போம்.

முதலில் ஆடியின் சிறப்பு. ஆடி என்பது ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையிலான காலம். அப்போது தமிழகத்தில் கோடையின் கடுமை தணிந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் ஆங்காங்கே பெய்யும் மழை மண்ணை நெகிழச் செய்யும். ஆனால், தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழையே. அது அக்டோபர் நடுப்பகுதிக்குப் பின்னரே வலுப்பெறும். ஆடியில் விதைத்த பூசணியும் பீர்க்கும் புடலையும் அவரையும் அக்கனமழை வருமுன் வேரூன்றிக் கொடியோட இரண்டு மூன்று மாதங்கள் கிடைக்கின்றன. எனவே மழை, பயிரை அழிக்காமல் வளர்க்கிறது.

அவரைக்கு மற்றொரு காரணமும் உண்டு. நாட்டு அவரை வகைகள் பல, பகற்பொழுது குறுகுவதையே பூப்பதற்குரிய குறியாகக் கொள்பவை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வேறுபாடு உண்டு. ஆடியில் முளைத்த கொடி நன்கு படர்ந்து நிற்கும் வேளையில் பகல் குறுகுகிறது, கொடி பூக்கிறது, மார்கழி, தை மாதங்களில் காய்க்கிறது. ஆகவே ஆடி என்னும் ஒரு சொல்லுக்குள் மழையும் வெயிலும் பகலின் அளவும் ஒருங்கே அடங்கியுள்ளன.

எனினும், இப்பழமொழி தமிழகம் முழுமைக்கும் ஒரே வகையாகப் பொருந்துவதன்று. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில் உறைபனி விழும். முகில் இல்லாத வானத்தின்கீழ் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. விடியற்காலையில் பள்ளத்து நிலம் வெண்மையாய்க் கிடக்கும். சற்று மேலேயுள்ள சரிவு தப்பியிருக்கும். இலையினுள் உள்ள நீர் உறைந்து திசுக்கள் சிதைவதால், வெயில் ஏறியதும் உருளைக்கிழங்குச் செடி கருகியதுபோல் துவண்டுவிடும். முட்டைக்கோசும் கேரட்டும் மெல்லிய உறைபனியைத் தாங்கும்; உருளைக்கிழங்கு தாங்காது. அஃது ஏறத்தாழ நான்கு மாதப் பயிர். ஆகஸ்டுத் தொடக்கத்தில் நட்டவர், கடும்பனி வருமுன் கிழங்கு முற்றக் காண்பார். செப்டம்பர் இறுதிவரை காலம் தாழ்த்தியவர், கிழங்கு பருக்கும் வேளையிலேயே செடியை இழக்க நேரும். அங்குப் பட்டத்தை முடிவு செய்வது மழை மட்டுமன்று; பனியுமாம்.

குளிர்நாடுகளில் இக்கணக்கு இன்னும் கண்டிப்பானது. இளவேனிலில் இறுதி உறைபனி எந்நாளில் விழும் என்பதை மையமாகக் கொண்டே அங்கு விதைப்பு நடைபெறுகிறது. தக்காளி விதையை அந்நாளுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வீட்டினுள் முளைக்கவைத்து, பனிக்காலம் நீங்கிய பின்னரே நாற்றை வெளியே நடுவர். இந்நாளை நினைவில் நிறுத்த அந்நாட்டு மக்களும் தத்தம் மொழியையே நாடினர். ஜப்பானியர், தம் மரபு நாட்காட்டியில் வசந்தம் தொடங்கும் நாளிலிருந்து எண்ணி, எண்பத்தெட்டாம் இரவு என்று ஒரு நாளைக் குறித்தனர். அது மே மாதத் தொடக்கத்தில் வரும். அதன்பின் பனியின் அச்சம் பெரிதும் நீங்கியது என்பது அவர்தம் நம்பிக்கை. ஜெர்மானியர், மே 11 முதல் 15 வரையுள்ள நாட்களைப் பனிப்புனிதர் நாட்கள் என்பர். அந்நாட்கள் கழியுமுன் மென்மையான செடிகளை வெளியில் நடலாகாது என்பது அவர்தம் வழக்கு. நம் பழமொழி செய்த பணியையே இவ்வழக்குகளும் செய்கின்றன. வானிலைப் பதிவேடுகள் தோன்றாத காலத்தில் மொழியே மக்களின் பதிவேடாக விளங்கியது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நம் காய்கறி நிலங்களில் உறைபனி இல்லை. குளிர்மிக்க கேமரன் மலையில்கூட, 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் பதிவான 7.8 பாகை செல்சியசே மிகக் குறைந்த வெப்பநிலை என்பர். பகலின் அளவும் இங்குப் பெரிதாக மாறுவதில்லை. கோலாலம்பூரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இருபது நிமிடமே. சிங்கப்பூரில் பத்து நிமிடத்திற்கும் குறைவு. தமிழகத்து அவரைக்குப் பகல் தந்த தெளிவான குறிப்பு இங்கே கிட்டுவதில்லை.

அவ்வாறாயின் இங்குப் பட்டமே இல்லையா? உண்டு. இங்கே பனியின் இடத்தில் மழை நிற்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகியவற்றில் நவம்பர் முதல் ஜனவரி வரை கனமழையைப் பொழிகிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த பெருவெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். மேற்குக் கரையிலோ ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரையொட்டியும் இடியுடன் மாலைமழை மிகும். கெடாவும் பெர்லிசும் ஆண்டின் தொடக்கத்தில் நன்கு வறண்டிருக்கும். மழை மிகுந்தால் நாற்று அழுகும், மிளகாயில் காயழுகல் நோய் பரவும், தக்காளிப்பூ உதிரும்.

ஆகவே குளிர்நாட்டார் பனியை வைத்து எண்ணுவதுபோல், நாம் மழையை வைத்து எண்ண வேண்டும். கிளந்தானில் மிளகாய் பயிரிடுவதாகக் கொள்வோம். நாற்றுப் பருவம் ஏறத்தாழ ஒரு மாதம். நட்டபின் முதற்காய் பறிக்க இரண்டரை மாதம். அதன்பின் பறிப்புக்காலம் இரண்டு அல்லது மூன்று மாதம். ஆக, மொத்தம் ஏறத்தாழ ஆறு மாதம். நவம்பர் மழையிலிருந்து பின்னோக்கி எண்ணினால், மே மாதம் தொடங்குமுன் விதைத்திருத்தல் வேண்டும். வெள்ளம் வடிந்து மண் காய்வதற்கோ பிப்ரவரி ஆகிவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலமே அப்பயிருக்கு உரிய பட்டம். தமிழ் மாதக் கணக்கில் அது மாசியும் பங்குனியுமாம். அங்கே ஆடியில் விதைத்தால், காய் பறிக்கத் தொடங்கும் வேளையில் வெள்ளம் வந்து நிற்கும். இதற்கு மாறாக, மூன்று நான்கு வாரங்களில் அறுவடையாகும் கீரை, கங்கோங் போன்றவற்றை வடிகால் நன்கமைந்த பாத்தியில், பெருமழைக் காலம் நீங்கலாகப் பெரும்பாலும் எம்மாதத்திலும் விதைக்கலாம்.

இவ்வாறு நிலத்தைப் பார்த்தறிதல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர், ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதைக் கண்டு வறட்சிக் காலத்தை அறிந்தனர். ஆடியில் காவிரி பெருகுவதைக் கண்ட கண்களின் வழிவந்தோர், இங்கே ரப்பர் இலை உதிர்வதைக் கண்டு காலம் கணித்தனர். நிலம் மாறியபோது அவர்கள் நோக்கிய அடையாளமும் மாறிற்று. நோக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஆசிரியப் பெருமக்கள் இப்பழமொழியைக் கற்பிக்கையில் அதன் இரு பகுதிகளையும் பிரித்துக் காட்டுதல் நலம். 'ஆடிப்பட்டம்' என்பது தமிழக நிலத்துக்குரிய விடை. 'தேடி விதை' என்பது எந்நிலத்துக்கும் உரிய ஏவல். பள்ளித் தோட்டத்தில் ஒரு மழைமானியை நிறுவி, நாள்தோறும் பெய்த மழையின் அளவை மாணவரைக்கொண்டு ஓர் ஏட்டில் எழுதச் செய்யலாம். எந்த மாதத்தில் எவ்விதை இடப்பட்டது, எத்தனை நாளில் காய்த்தது, எதனால் அழிந்தது என்பனவற்றையும் தமிழ் மாதப் பெயருடன் குறிக்கச் செய்யலாம். ஓராண்டின் குறிப்பு தற்செயலாகலாம். ஐந்தாண்டுக் குறிப்பு அப்பள்ளிக்குரிய பட்டமாகிவிடும். செலவு சிறிது, அறிவியலும் மொழியும் ஒரே பாத்தியில் விளையும்.

ஒரு சொல் அகராதியில் மட்டும் வாழ்ந்தால் அதன் பொருள் மெல்ல மறையும். அன்றாடப் பயனில் இருந்தால் அது நிலைபெறும். கிளந்தானில் ஒரு மாணவர், 'எங்கள் ஊர் மிளகாய்க்கு மாசிப்பட்டமே ஏற்றது. நான்கு ஆண்டுகள் எழுதிப் பார்த்திருக்கிறோம்' என்று தம் விடைத்தாளில் எழுதுவாராயின், அவர் பழமொழியின் பொருளை உணர்ந்தவராவார். அவ்விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் வழங்க நாம் தயங்க மாட்டோம்.