அவையல் கிளவி

அவையல் கிளவி என்பது பலர் கூடிய அவையில் சொல்லத் தகாத சொல்லைக் குறிக்கும் பழந்தமிழ் இலக்கணக் கலைச்சொல் ஆகும். உடற்கழிவுகள், மறைவுறுப்புகள் முதலியவற்றை வெளிப்படையாகக் கூறும் சொற்கள் இதில் அடங்கும். இதனை இடக்கர் என்றும் கூறுவர். இக்கலைச்சொல் இன்று பெரும்பாலும் இலக்கண நூல்களிலும் அவற்றின் உரைகளிலுமே காணப்படுகிறது.

சொற்பிறப்பு

இது அவை + அல் + கிளவி எனப் பிரியும். 'அல்' என்பது எதிர்மறையைக் குறிக்கும். 'கிளவி' என்பதன் பொருள் சொல்; கிளத்தல் என்றால் சொல்லுதல். எனவே இதன் பொருள் 'அவைக்கு உரியது அல்லாத சொல்' என்பதாகும். சொல் எங்கே சொல்லப்படுகிறது என்பதே இப்பெயரில் அளவுகோலாக உள்ளது.

தொல்காப்பியத்தில்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல், இத்தகைய சொற்களை மறைத்துக் கூற வேண்டும் என்கிறது. நீண்ட காலம் வழங்கிப் பழகிய சொற்களுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆப்பி (பசுவின் சாணம்), ஆட்டுப்பிழுக்கை, யானை இலண்டம் ஆகியவற்றை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர்.

இந்நூல் தன் விதியைத் தானே பின்பற்றுகிறது. எழுத்ததிகாரத்தில் 'பீ' என்னும் சொல்லின் புணர்ச்சியைக் கூற வேண்டிய ஓரிடத்தில், அச்சொல்லை எழுதாமல் 'இடக்கர்ப் பெயர்' எனச் சுட்டுகிறது. ஆ + பீ என்பது ஆப்பி என்றாவதை விளக்கும் மற்றோரிடத்தில் 'ஈகார பகரம்' என எழுத்தை மட்டும் கூறுகிறது. 'ஆப்பி' என்பது அவையில் சொல்லத் தக்கது. அதன் பகுதியாகிய 'பீ' தகாதது.

நன்னூலில்

பவணந்தி முனிவரின் நன்னூல் இவ்வாறு மறைத்துக் கூறுதலை இடக்கரடக்கல் எனப் பெயரிட்டு, மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றுடன் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைக்கிறது. 'கால் கழுவி வந்தான்' என்பது பாடநூல்களில் வழக்கமாகத் தரப்படும் எடுத்துக்காட்டு.

பிற்கால வழக்கு

மறைக்கப் பயன்பட்ட சொல்லே நாளடைவில் மறைக்கப்பட வேண்டிய சொல்லாகிவிடுவதும் உண்டு. 'மலம்' என்னும் வடசொல்லின் பொதுப்பொருள் அழுக்கு என்பதே. சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை ஆகிய மூன்றும் மும்மலம் எனப்படுவது இப்பொருளிலேயே ஆகும். பேச்சில் அச்சொல்லும் இன்று தவிர்க்கப்படுகிறது. டச்சு மொழியிலிருந்து வந்த 'கக்கூசு' என்பதன் இடத்தில் இப்போது 'கழிப்பறை', 'பாத்ரூம்' என்பன வழங்குகின்றன.