மலையேறும் எஞ்சின்

நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டங்களோடு சேர்த்து எண்ணப்படுவது, 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் பந்தயம். தேயிலைத் தோட்டத்துப் பாதையே களம். வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதில்லை. நின்ற நிலையிலிருந்து தனித்தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு மட்டுமே போட்டியிடுகின்றன.

ஓட்டுநருக்குக் கிட்டும் கைதட்டலிற் செம்பாதி, எஞ்சினைப் பக்குவப்படுத்திய மெக்கானிக்குக்கு உரியது. அவருக்கு முதற் பகை வளைவன்று, காற்றே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பெற்றோல் எரியப் பிராணவாயு வேண்டுமன்றோ? அது குறையவே எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். காபுரேற்றரோ கீழ்நாட்டுக் கணக்கிலேயே பெற்றோலை வார்க்கும். கொழும்பிற் கர்ச்சித்த வண்டி இங்கே கரும்புகை கக்கித் திணறுவது இதனாலேதான்.

ஆகவே, வாழ்நாளெல்லாம் இத்தொழிலில் ஊறியவர் ஜெட்டைச் சிறிதாக மாற்றுவார்; சிலிண்டர் தலையைச் சற்றே சீவி அமுக்கத்தை உயர்த்துவார். உயர்த்தியது மிகுந்துவிட்டாலோ, அதே எஞ்சின் கீழ்நாடு திரும்பியதும் தட்டத் தொடங்கும், பிஸ்டனே பழுதாகலாம். எங்கே நிறுத்துவதென்பதற்குப் புத்தகக் கணக்குப் பாதிதான் உதவும். ஓட்டம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகை, வெளுத்திருந்தால் குறை, இளம் பழுப்பென்றால் சரி. பிற்பகலில் மூடுபனி இறங்கிக் குளிர்ந்தால் காற்று மீண்டும் சற்றுக் கனக்கும்; காலையிற் பார்த்த பிளக்கை மறுபடியும் கழற்றவேண்டும்.